'புலம்பெயர்வு' என்னும் ஒற்றை முத்திரையும் மேவிஸ் கேலண்ட்டின் கதைகளும்

போருக்குப் பிந்தைய ஐரோப்பாவைக் களமாகக் கொண்ட சிறுகதை எது கையில் கிடைத்தாலும் அதன்மேல் 'புலம்பெயர்வும் அந்நியமாதலும்' என்று முத்திரை குத்திக் கட்டுரையாக்கும் வழக்கம் இந்திய இலக்கியத் துறைகளில் வேரூன்றிவிட்டது. இதற்கு எளிதில் இரையாகுபவர் மேவிஸ் கேலண்ட். மான்ட்ரியலில் 1922இல் பிறந்தவர். இதழாளர் பணியைத் துறந்து 1950இல் ஐரோப்பா சென்று, 2014இல் பாரிஸில் மறைந்தவர். நியூயார்க்கர் இதழில் மட்டும் நூற்றுக்கும் மேற்பட்ட கதைகளை வெளியிட்டவர். இந்த வாழ்க்கைக் குறிப்பே போதும், கதைகளைத் திறக்காமலே முடிவுரை எழுதிவிடலாம் போலும்.

திறந்து படித்தால் முத்திரை ஒட்டாது. 'தி அதர் பாரிஸ்' கதையின் கரோல் பாரிஸிலுள்ள அமெரிக்க அலுவலகம் ஒன்றில் பணிபுரிபவள்; அங்கேயே பணியாற்றும் ஹோவர்டுக்கு நிச்சயிக்கப்பட்டவள். தான் கற்பனை செய்த பாரிஸ் கண்ணில் படவில்லை என்பதே அவள் குறை. அதே கதையில் வரும் ஃபெலிக்ஸோ போரால் வேரறுந்த அகதி இளைஞன்; உரிய ஆவணங்கள் இல்லாததால் சட்டப்படி வேலை செய்ய முடியாதவன். இருவருமே அந்நகருக்கு அந்நியர்தாம். ஆனால் கரோலின் கையில் கடவுச்சீட்டு இருக்கிறது. திரும்பிச் செல்ல ஒரு நாடும் இருக்கிறது. இருவரையும் 'அந்நியமானோர்' என ஒரே பட்டியலில் சேர்க்கும் ஆய்வாளர் கரோலின் கண்ணாலேயே கதையை வாசிக்கிறார். கேலண்ட்டின் எள்ளல் குறிவைப்பது அந்தக் கண்ணைத்தான். கண்டதை ஒதுக்கிவிட்டு, காண விரும்பிய பாரிஸையே நினைவாகச் சேமிக்க இறுதியில் கரோல் ஆயத்தமாகிறாள். ஆய்வுக்கட்டுரைகள் செய்வதும் அதுவே.

1963இல் வெளிவந்த 'தி ஐஸ் வேகன் கோயிங் டவுன் த ஸ்ட்ரீட்' கதை இன்னும் கூர்மையானது. ஜெனீவாவின் பன்னாட்டு நிறுவனம் ஒன்றில் கோப்பு அடுக்கும் எழுத்தர் பீட்டர். பழைய செல்வக் குடும்பத்தின் மிச்சம். மனைவி ஷீலாவின் பலென்சியாகா ஆடைதான் அத்தம்பதியின் அந்தஸ்து. அவனுக்கு மேலதிகாரியாக வரும் ஆக்னஸ், சஸ்காட்சுவான் சிற்றூரிலிருந்து படித்து முன்னேறியவள். தன் பட்டத்தைச் சட்டமிட்டு அலுவலகச் சுவரில் மாட்டுகிறாள். இருவரும் கனடியர், இருவரும் தனியர். அவர்களிடையே உள்ள தூரம் நாடு விட்டு வந்ததால் உண்டானதன்று. கனடாவிலிருந்தே மூட்டையில் கட்டி வந்த வர்க்கம் அது.

தமிழில் இக்குழப்பம் இரட்டிப்பாகிறது. 1983க்குப் பின் ஈழத்தமிழர் எழுத்துகளே 'புலம்பெயர்' என்ற அடைக்கு இன்றைய கனத்தைத் தந்தன. தஞ்ச விண்ணப்பமும் விசாரணையும் அச்சொல்லுக்குள் இருக்கின்றன. விருந்தழைப்புக்காக ஏங்கும் பீட்டருக்கும் அதே அடையை அணிவிப்பதைப் பரந்த பார்வை என்று கொள்வதற்கில்லை. அது சொல்லின் வரலாற்றை அழிப்பது. விரும்பி வெளிநாட்டில் வாழ்பவருக்குத் தனிச்சொல் வழக்கில் இல்லையென்றால் விரித்து எழுதலாமே; தாள் என்ன அவ்வளவு விலையா?

'தி லேட்ஹோம்கமர்' கதையின் தாமஸ் நாடு தேடிப் போனவனல்லன். பிரெஞ்சுச் சிறைப்பிடிப்பிலிருந்து 1950இல் பெர்லினுக்கு, சொந்த ஊருக்கே, திரும்புகிறான். தாய் மறுமணம் புரிந்திருக்கிறாள். அவனை எந்தத் தலைப்பின்கீழ் அடைப்பார்கள்?