எடை குறைவு, பயன் நிறைவு

மனித நாகரிகத்தின் படிகளை உலோகங்களின் பெயராலேயே வரலாற்று ஆசிரியர்கள் வகுத்துள்ளனர். செம்பு, வெண்கலம், இரும்பு என்னும் அவ்வரிசையில் அலுமினியம் மிகவும் இளையது. 1886ஆம் ஆண்டில் அமெரிக்காவில் சார்லஸ் ஹாலும் பிரான்சில் பால் ஏரூவும் தனித்தனியே மின்பகுப்பு முறையைக் கண்டறிந்த பின்னரே அது எளியோர் கைக்கும் எட்டியது. ஆயினும், அலுமினியம் என்றதும் பலருக்குச் சமையல் பாத்திரமே நினைவுக்கு வருகிறது. தொழிற்சாலைகளில் அலுமினியச் சானல்கள் ஆற்றும் பணியை நாம் எண்ணிப் பார்ப்பதில்லை.

இச்சானல்கள் எவ்வாறு உருவாகின்றன? நம் வீட்டு முறுக்கு உழக்கை நினைத்துக் கொள்ளுங்கள். அச்சில் உள்ள துளை எவ்வடிவமோ, அவ்வடிவிலேயே மாவு வெளிவருகிறது. அதே போன்று, அலுமினியக் கட்டையை 450 முதல் 500 டிகிரி செல்சியஸ் வரை சூடாக்கி, உருகவிடாமல், எஃகு அச்சின் வழியே பேரழுத்தத்துடன் பிதுக்குகின்றனர். பள்ளம், வரிப்பள்ளம், உட்குழல் ஆகிய அனைத்தும் ஒரே இழுப்பில் அமைந்துவிடுகின்றன. கடைசலும் பற்றவைப்பும் பெரிதும் குறைகின்றன. ஜன்னல் சட்டம், பேருந்துக் கூடு, கன்வேயர், சூரிய மின்தகட்டின் விளிம்பு, மின்னணுக் கருவியின் சூட்டைத் தணிக்கும் துடுப்புகள் என இதன் பயன்கள் பலவாகும். வரிப்பள்ளமுள்ள சட்டங்களைப் போல்ட் கொண்டே இணைக்கலாம். தேவை மாறும்போது கழற்றி வேறு இயந்திரத்துக்குப் பயன்படுத்தலாம்.

"கிலோ விலையில் இரும்புதானே மலிவு?" என்று கேட்பர். உண்மைதான். ஆனால் ஒரே அளவுள்ள சானலில் அலுமினியத்தின் எடை எஃகின் எடையில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கே. அது துருப்பிடிப்பதும் இல்லை. எஃகைவிட மும்மடங்கு எளிதில் வளையும் என்பது அதன் குறையே. அக்குறைக்கு மருந்து வடிவத்தில் உள்ளது: நிமிர்த்தி வைத்த பட்டையின் உயரத்தை இரட்டித்தால் அதன் விறைப்பு எட்டு மடங்காகிறது. ஆகவே விலையைக் கிலோவால் மட்டும் அளப்பது சரியன்று. செய்யும் வேலையாலும் உழைக்கும் ஆண்டுகளாலும் அளக்க வேண்டும்.

மற்றொன்றையும் நாம் மறத்தலாகாது. ஒரு கிலோ அலுமினியத்தை மின்பகுப்பால் பிரித்தெடுக்க 13 முதல் 15 யூனிட் வரை மின்சாரம் செலவாகிறது. சேர்வராயன் மலைப் பாக்சைட்டை நம்பி 1965இல் உற்பத்தியைத் தொடங்கிய மேட்டூர் ஆலையின் உலைகள் 2008இல் நின்றுபோயின. பழைய அலுமினியத்தை உருக்கி மீண்டும் பயன்படுத்தவோ, புதிதாகப் பிரித்தெடுக்கும் ஆற்றலில் ஏறத்தாழ நூற்றுக்கு ஐந்து பங்கே போதும். காயலான் கடையில் கிடக்கும் ஒவ்வொரு துண்டுச் சானலும் சேமித்து வைத்த மின்சாரமே அன்றோ?

எனவே, எடை குறைய வேண்டிய இடத்திலும், வடிவமே வேலை செய்யும் இடத்திலும் அலுமினியத்தைத் துணிந்து பயன்படுத்துவோம். இரும்பே போதுமான இடத்தில் இரும்பை வைப்போம். கழிந்த துண்டுகளைத் தவறாமல் உலைக்குத் திருப்புவோம். மண்ணிலிருந்து எடுத்ததை வீணாக்காமல் ஆள்வதே அறிவியல் கற்றோர்க்கு அழகு.