ஆகாயத்தில் ஒரு மணி. தரையில் எத்தனை மணி?

தூத்துக்குடி வாகைக்குளத்திலிருந்து சேலம் காமலாபுரத்துக்கு ஆகாயத்தில் நேர்கோடு இழுத்தால் சுமார் 340 கிலோமீட்டர். மணிக்கு 500 கிலோமீட்டர் வேகத்தில் பறக்கும் சிறு விமானத்துக்கு, ஏறி இறங்கும் நேரம் சேர்த்து ஒரு மணி போதும். இப்படிச் சிற்றூர்களையெல்லாம் விமானத்தால் இணைத்துவிட்டால் தூரமே ஒழிந்துவிடும் என்கிறார்கள்.

யாருக்கு ஒழியும்? அதுதான் கேள்வி.

தென்காசியிலிருந்தோ குற்றாலத்திலிருந்தோ ஒரு தொழிலாளி புறப்படுவதாக வைத்துக்கொள்வோம். முதலில் திருநெல்வேலிக்கு பஸ். அங்கிருந்து வாகைக்குளத்துக்கு இன்னொரு பஸ். எண்பது கிலோமீட்டருக்கு மேல். விமானம் கிளம்ப ஒரு மணிக்கு முன்பே நிலையத்தில் இருக்க வேண்டும். காமலாபுரத்தில் இறங்கினால் சேலம் நகருக்கு மறுபடியும் பஸ். ஒரு மணிப் பயணம் அரை நாளைத் தின்றுவிடுகிறது!

கட்டணம் என்ன? 2017 ஏப்ரலில் சிம்லாவில் 'உடான்' திட்டத்தின் முதல் விமானத்தைத் தொடங்கிவைத்த பிரதமர் மோடி, ரப்பர் செருப்புப் போட்டவரும் விமானத்தில் போக வேண்டும் என்றார். நல்ல பேச்சுதான். ஒரு மணிப் பயணத்துக்கு வைத்த விலை 2,500 ரூபாய். அதுவும் பாதி இடங்களுக்கு மட்டும். அதே ஆண்டில் தமிழ்நாட்டில் நூறுநாள் வேலைக்கு நிர்ணயித்த தினக்கூலி 205 ரூபாய். பன்னிரண்டு நாளுக்கு மேல் குனிந்து மண் வெட்டினால் ஒரு மணி பறக்கலாம். ஆனால் அத்தனை நாளும் வீட்டில் அடுப்பு எரியக்கூடாது!

கம்பெனிகளுக்கு மானியம் கொடுத்து நடத்தும் திட்டம் இது. பலன்? ஒதுக்கிய 774 வழித்தடங்களில் 403 தொடங்கவே இல்லை என்று மத்திய தணிக்கை அறிக்கை 2023இல் சொன்னது. சேலத்தில் 2018இல் வந்த விமானம் 2021இல் நின்று, 2023இல்தான் மீண்டும் வந்தது.

தோழர்களே, விமானம் வேண்டாம் என்று நாம் சொல்லவில்லை. அதைச் செய்ததும் ஓடுபாதை போட்டதும் பாட்டாளியின் கைகளே. ஆனால் எது முதலில் என்று ஒரு வரிசை உண்டல்லவா? செங்கோட்டை–புனலூர் மீட்டர்கேஜ் பாதையை 2010இல் மூடினார்கள். சுமார் 50 கிலோமீட்டர்தான். அகலப்பாதையாகி முழுவதும் திறந்தது 2018 ஜூனில். எட்டு ஆண்டுகள்! கொல்லம் பக்கம் கூலிக்குப் போனவர்கள் அத்தனை நாளும் பஸ்ஸுக்கே காசு அழுதார்கள். வாகைக்குளத்திலோ சுமார் 450 கோடி ரூபாயில் புதிய முனையம் எழுந்து 2025 ஜூலையில் திறந்தும் ஆயிற்று.

அவர்கள் தூரத்தை மணியால் அளக்கிறார்கள். நாம் கூலியால் அளக்கிறோம். தென்காசி வழியே ஓடும் ரயில்களில் முன்பதிவில்லாப் பெட்டிகளைக் கூட்டு! கூலிக்காரன் நேரத்துக்குப் பாசஞ்சர் ரயில் விடு! தென்காசியிலிருந்து வாகைக்குளத்துக்கு நேர் பஸ் விடு! இதைக் கேட்போம், ஆலை வாசலிலும் வயல் வரப்பிலும் ஒன்றுகூடிக் கேட்போம்.