கீழக்கரையின் கல்லும் கிதாபும்



மன்னார் வளைகுடாவின் கரையில், இராமநாதபுரம் மாவட்டத்தில் அமைந்த பழம்பதி கீழக்கரை. முத்தும் சங்கும் எடுத்து, மரக்கலமேறி வாணிபம் செய்த மரக்காயர் பெருமக்களால் பெயர் பெற்ற ஊர் அது. அங்கு செல்வோர் ஜும்ஆப் பள்ளிவாசலைக் காணாமல் திரும்புவதில்லை. 17ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த அப்பள்ளியின் கல்தூண்கள் தமிழகச் சிற்பியரின் கைவண்ணத்தில் எழுந்தவை. உருவம் ஏதுமின்றி, பூவும் கொடியுமாக அவர்கள் செதுக்கிய கல்லின் நடுவே நம் முன்னோர் ஸுஜூது செய்தனர். அவ்வளாகத்திலேயே வள்ளல் சீதக்காதி அடங்கியுள்ளார்.

வள்ளலின் காலத்தில் அவ்வூருக்கு ஒளி சேர்த்தவர் ஸதக்கத்துல்லாஹ் அப்பா (ரஹ்) அவர்கள் (1632–1703). காயல்பட்டினத்தில் பிறந்து, கீழக்கரையில் வாழ்ந்து, அங்கேயே அடங்கிய மேதை. உமறுப்புலவர் சீறாப்புராணம் பாட முனைந்தபோது, நபிகள் நாயகம் (ஸல்) அவர்களின் வரலாற்றுச் செய்திகள் அப்பா அவர்களின் வழியாகவே கிடைத்தன என்பது வழிவழியாக வரும் செய்தி. ஆலிமின் அறிவும் செல்வரின் கொடையும் புலவரின் நாவும் ஒன்றுகூடிய காலம் அது!

அடுத்து வந்தவர் மாப்பிள்ளை லெப்பை ஆலிம் (ரஹ்) அவர்கள் (1816–1898). இவர்களும் காயலில் பிறந்து கீழக்கரையில் நிலைபெற்றவர்களே. அக்காலப் பெண்மக்களுள் பலர் குர்ஆனை ஓதக் கற்றிருந்தனர். தமிழ் எழுத்தைக் கற்க வாய்ப்புப் பெற்றோர் சிலரே. ஆகவே அவர்கள் அறிந்த அரபி எழுத்திலேயே தமிழை எழுதினால் மார்க்க அறிவு அடுப்பங்கரை வரை சென்று சேரும் அன்றோ? அரபியில் இல்லாத ட, ண, ள, ப முதலிய தமிழ் ஒலிகளுக்காக, அரபி எழுத்துகளில் புள்ளிகளும் குறிகளும் கூட்டி எழுதிய முறையே அரபுத்தமிழ். ஆலிம் அவர்கள் அம்முறையில் எழுதிய 'மகானி' எனும் சட்ட நூல் இல்லந்தோறும் ஓதப்பட்டது.

வாசகர்களே, இங்கேதான் ஒரு வேதனை. அரபி எழுத்துள்ள தாள் பழுதுபட்டால் அதைக் காலில் படாதவாறு கிணற்றிலோ கடலிலோ இடுவதும், மண்ணில் புதைப்பதும் நம் வழக்கம். குர்ஆனுக்குச் செய்யும் கண்ணியம் அது. ஆனால் அரபுத்தமிழ் படிக்கத் தெரியாத தலைமுறை, பெட்டியிலுள்ள பாட்டியாரின் கையெழுத்து ஏட்டையும் குர்ஆன் தாள் என்றெண்ணி அவ்வாறே அனுப்பிவிடுகிறது. பகைவர் எரித்தா நம் நூல்கள் மறைகின்றன? நம் மரியாதையே அவற்றை மூழ்கடிக்கிறது!

எல்லாரும் மீண்டும் அரபுத்தமிழில் எழுத வேண்டும் என்று நான் கூறவில்லை. தமிழ் எழுத்து இன்று அனைவர் கையிலும் உள்ளது, அதுவே போதும். ஆயினும் ஊருக்கு நால்வரேனும் அதைப் படிக்க அறிந்திருத்தல் கடமையாகும். குர்ஆன் ஓதத் தெரிந்தவருக்குச் சில வாரப் பயிற்சி போதுமே! பழைய தாளை நீரில் இடுமுன் ஓர் ஆலிமிடம் காட்டுங்கள். கைப்பேசியில் பக்கம் பக்கமாகப் படமெடுத்து வையுங்கள். யார் எழுதியது, எந்த வீட்டிலிருந்தது என்பதையும் குறித்து வையுங்கள்.

கல்தூண்கள் தம்மைத் தாமே காத்துக்கொள்ளும்; காகிதத்திற்கு நாமே காவல். நம் முன்னோரின் இல்மைப் பேணும் நற்பேற்றை அல்லாஹ் நம் அனைவருக்கும் அருள்வானாக! ஆமீன்.