பிறவிப் பசியா? பழக்கிய பசியா?

1938 டிசம்பரில், தாம்பரம் கிறித்துவக் கல்லூரியில் பன்னாட்டுப் பாதிரிமார்களும் அறிஞர்களும் கூடினர். டச்சு அறிஞர் ஹென்ட்ரிக் கிரேமரின் நூலையொட்டி வாதம் மூண்டது. மனிதனின் சமய உணர்வு அவனை ஆண்டவனிடம் சேர்க்குமா, சேர்க்காதா? மேதைகள் வாதிட்டனர். நாம் கேட்பது அதற்கும் முந்திய கேள்வி: அந்த உணர்வு மனிதனோடு கூடப் பிறந்ததுதானா?

விடை தேடி வெகுதூரம் போக வேண்டாம். அடுத்த ரயில் நிலையத்தில் இறங்குவோம். சானடோரியம்! 1928-ல் டாக்டர் சவுரி முத்து காசநோயாளிகளுக்காக அமைத்த மருத்துவமனை, நிலையத்துக்கே பெயர் தந்தது. அந்நாளில் காசத்தைக் கொல்லும் மருந்து கிடையாது. நல்ல காற்று, ஓய்வு, உணவு, அவ்வளவுதான். நோயாளி தாயத்துக் கட்டிக்கொண்டால் அவனையா நோவது? வழியற்றவன் வானத்தைப் பார்த்தான்! 1940-களில் ஸ்ட்ரெப்டோமைசின் வந்தது. வீட்டிலிருந்தே மருந்துண்டு குணமாகலாம் என்று 1959-ல் சென்னை ஆய்வு காட்டிற்று. இன்று பூசாரிக்கே இருமலில் இரத்தம் வந்தால் எங்கே போவார்? ஆஸ்பத்திரிக்குத்தான்!

"பெரியம்மை ஒழிந்துவிட்டதென 1980-ல் உலகுக்கே அறிவித்தார்கள். ஆடியில் மாரியம்மனுக்குக் கூழ் ஊற்றுவது நின்றதா?" என்று கேட்கிறார் நண்பர். நல்ல கேள்வி. நழுவ மாட்டோம். நோய் போயிற்று, கூழ் நிற்கவில்லை. ஏன்? அன்று தெருவே ஒன்றுகூடுகிறது. ஆலையில் வெறும் எண்ணாக இருப்பவன், அங்கே அண்ணனாகிறான், மாமனாகிறான். பசி உண்டு, தோழர்களே! அது மனிதனுக்கு மனிதன் மேலுள்ள பசி. சமயம் அந்தப் பசிக்குப் பரிமாறப்பட்ட பண்டம். அது ஒன்றுதான் பண்டம் என்பதில்லை.

சான்று வேண்டுமா? சுயமரியாதைத் திருமணங்களைப் பாருங்கள். புரோகிதர் இல்லை, மந்திரம் இல்லை. மாலை உண்டு, ஊர் உண்டு, வாழ்த்து உண்டு. 1967-ல் அண்ணாவின் அரசு கொண்டுவந்த சட்டம் அவற்றைச் செல்லுபடியாக்கிற்று. மணமக்கள் வாழவில்லையா? மகிழ்ச்சி குறைந்ததா?

ஆனால் நமக்கும் ஒரு கடன் உண்டு. இழவு வீட்டில் பகுத்தறிவு பேசிவிட்டுத் திரும்பி வந்தால், நாம் எழுந்த இடத்தில் புரோகிதர் அமர்வார். ஆகவே பாடைக்குத் தோள் கொடுப்போம். நோயாளியின் கட்டிலருகே இரவு விழிப்போம். கைம்பெண் வீட்டில் உலை கொதிக்கிறதா என்று பார்ப்போம். அழுகிற கண்களுக்கு வேண்டியது ஆராய்ச்சியன்று, ஆள்! அந்த ஆளாக நாம் நின்றால், ஆண்டவன் பெயரால் வாணிபம் செய்வோருக்கு அங்கே வேலை இராது.