எந்தத் திருப்பத்தூர்?

பதிவு கொஞ்சம் நீளம். லாரி, பார்சல் தொழிலில் இருக்கும் என் பிள்ளைகள் மட்டுமாவது கடைசி வரை படியுங்கள்.

போன மாதம் என் தங்கை மகளுக்கு வளைகாப்பு, சிவகங்கை மாவட்டத் திருப்பத்தூரில். முழங்கால் வலியால் என்னால் போக முடியவில்லை. பட்டுப்புடவை, வளையல்கள், எங்கள் அம்மா வைத்திருந்த வெள்ளிக் குங்குமச் சிமிழ் எல்லாவற்றையும் ஒரு அட்டைப் பெட்டியில் வைத்து, சேலத்தில் ஒரு பார்சல் ஆபீசில் நான்கு நாள் முன்பே போட்டேன். (வெள்ளியைப் பார்சலில் அனுப்பலாமா என்று யாரும் கேட்க வேண்டாம். மகன் ஏற்கெனவே திட்டிவிட்டான்.) பெட்டி போய் இறங்கியது ஜோலார்பேட்டைக்குப் பக்கத்தில் இருக்கிற திருப்பத்தூரில். வளைகாப்பு முடிந்து மூன்றாம் நாள்தான் தங்கை கைக்குக் கிடைத்தது. பெரியம்மா அனுப்பிய வளையல் என்று பிள்ளை கையில் ஒன்றுகூட ஏறவில்லை.

கோபத்தோடு ஆபீசுக்குப் போனேன். மேனேஜர் நாற்காலி போட்டு உட்காரவைத்து, "லோடுமேன் பண்ண தப்பும்மா. அவன் கூலியில ஐந்நூறு ரூபாய் பிடிச்சாச்சு" என்றார். எனக்கு ஆறுதலாக இருக்கும் என்று நினைத்துத்தான் சொன்னார். வெளியே வந்தால் அந்த லோடுமேன் படியில் நிற்கிறான். "டீச்சர், என்னைத் தெரியுதா?" என்னிடம் ஐந்தாம் வகுப்பு படித்த பையன். தலை நரைத்துவிட்டது. "உங்க பெட்டின்னு தெரியாது டீச்சர்" என்றானே தவிர, பிடித்த பணத்தைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை.

எனக்கு வீட்டுக்குப் போக மனம் வரவில்லை. ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்து, அன்றைக்கு இரவு லோடு ஏற்றுவதை இரண்டு மணி நேரம் பார்த்தேன். பார்த்த பிறகு சொல்கிறேன், இது அவன் தப்பு இல்லை. முதல் தப்பு என்னுடையது.

பெட்டியின் மேல் அழகான கையெழுத்தில் பெயர், தெரு, 'திருப்பத்தூர்', போன் நம்பர் எழுதியிருந்தேன். மாவட்டம் இல்லை, பின்கோடு இல்லை. கடிதம் எழுதும் பாடத்தில் பின்கோடு விட்டால் அரை மார்க் குறைத்தவள் நான்! ரசீது போட்ட பையனும் நான் எழுதியதைப் பார்த்து அப்படியே எழுதினான், எந்தத் திருப்பத்தூர் என்று கேட்கவில்லை. சேலத்துக்காரனுக்குத் திருப்பத்தூர் என்றால் பக்கத்தில் இருப்பதுதான். அதுவும் 2019 இல் அது தனி மாவட்டமே ஆகிவிட்டது. மூட்டை சுமக்கிறவன் வேறு எதை நினைப்பான்?

ஒரே பெயரில் பல ஊர் இருக்கிற நாடு நம்முடையது. இந்தக் குழப்பத்துக்காகவேதான் வேலங்கர் என்ற தபால் துறை அதிகாரி (சமஸ்கிருதக் கவிஞரும்கூட) வகுத்த பின்கோடு முறை 1972 ஆகஸ்ட் 15 அன்று நடைமுறைக்கு வந்தது. அந்தத் திருப்பத்தூர் 635601, இந்தத் திருப்பத்தூர் 630211. மூன்றாவது இலக்கத்திலேயே வழி பிரிந்துவிடுகிறது. பெட்டியின் மேலும் பக்கவாட்டிலும் அந்த ஆறு எண்ணை உள்ளங்கை அகலத்துக்கு எழுதியிருந்தால், ஊர் பெயர் படிக்கத் தெரியாத வடமாநிலத் தம்பிகூடச் சரியான குவியலில் வைத்திருப்பான்.

குவியல் என்றதும் இன்னொன்று. தரையில் சாக்பீஸ் கோடு போட்டு ஊர் ஊராகப் பிரித்திருந்தார்கள். எட்டு மணிக்குள் இரண்டு குவியலும் வழிந்து ஒன்றாகிவிட்டன. கோட்டைக் காணோம். நடுவில் ஒரு பலகையோ கம்பித் தடுப்போ வைக்க எவ்வளவு செலவாகும்?

ஸ்கேனர் கருவியும் இருக்கிறது. ஆனால் ஒரு பையன் குவியல் தரையில் கிடக்கும்போதே எல்லாவற்றையும் டிக் டிக் என்று அடித்துவிட்டுப் போனான். அதன்பிறகு எது எந்த வண்டியில் ஏறினாலும் கருவிக்குத் தெரியாது. சுற்றுலா போகும்போது நான் பிள்ளைகளை ஹோட்டலுக்குள்ளே எண்ணியதில்லை. பஸ் வாசலில் நின்று, ஏற ஏறத்தான் எண்ணுவேன். ஒகேனக்கல் போனபோது வாசல்படியில் ஒரு தலை குறைந்து, நாற்பது நிமிடம் பஸ்ஸை நிறுத்தியது சிலருக்கு ஞாபகம் இருக்கும். ஸ்கேனும் லாரிக் கதவில்தான் நடக்க வேண்டும், அந்த வண்டி நம்பரோடு. வேறு வண்டிக்கு உரியது வந்தால் சத்தம் வேறு மாதிரி, பலமாகக் கேட்க வேண்டும். தலையில் மூட்டை இருப்பவன் திரையைக் குனிந்து பார்க்க முடியுமா?

கடைசியில் இறக்குவதை முதலில் ஏற்றுவது அவர்களுக்கே தெரியும். ஆனால் லேட்டாக வந்த சரக்கைக் கிடைத்த இடத்தில் திணிக்கிறார்கள். வழியில் அதை எடுக்க மற்றதை ரோட்டில் இறக்கி ஏற்றும்போது இன்னொரு பெட்டி மாறும்.

இதெல்லாம் சொன்னேன். "வண்டி ஒன்பதுக்குக் கிளம்பணும்மா, நேரம் ஏது?" என்றார் மேனேஜர். என் பெட்டி தப்பான ஊருக்குப் போய், திரும்பி வந்து, மறுபடி வேறு லாரி ஏறியதே, அந்த நேரமும் டீசலும் யார் கணக்கு? கூலியோ உருப்படிக்கு இவ்வளவு என்று. வேகமாக ஏற்றினால்தான் காசு. வேகத்துக்குக் காசு கொடுத்துவிட்டு, வேகத்தில் நடந்த தப்புக்குக் காசு பிடிப்பது எனக்கு நியாயமாகப் படவில்லை.

அதைவிடப் பெரிய கெடுதல் ஒன்று உண்டு. பானையை உடைத்ததற்கு அடி வாங்கிய பிள்ளை அடுத்த முறை ஓட்டை ஒளித்து வைக்கும். மாறி ஏறிய பெட்டியைப் பாதி வழியில் பார்க்கிற லோடுமேன் இனி வாயைத் திறப்பானா? உடனே சொன்னால் போன் ஒன்றில் சரியாகிற தப்பு. சொல்கிறவனுக்குப் பிடித்தம் கிடையாது என்று வைத்துப் பாருங்கள், எந்த இடத்தில் எது மாறுகிறது என்று ஒரு மாதத்தில் ஆபீசுக்கே தெரிந்துவிடும்.

பார்சல் ஆபீஸ் நடத்துகிற என் மாணவர்கள் மூன்று பேர் இதைப் படிப்பீர்கள். உங்கள் இடத்தில் எப்படி என்று கமெண்டில் எழுதுங்கள், மழுப்பாமல். வியாழக்கிழமை நான் அந்த ஆபீசுக்கு மறுபடி போகிறேன். தப்பு என்னுடையது என்று எழுதிக் கையெழுத்துப் போட்டு, அந்த ஐந்நூறைத் திருப்பிக் கொடுங்கள் என்று கேட்பேன். துணைக்கு யாராவது வருவதாக இருந்தால் போன் செய்யுங்கள். படி ஏற ஒரு கை வேண்டும்.