பாத்தியில் ஒன்றை விட்டுவையுங்கள்

கடந்த தை மாதம் மன்னாரில் உம்மும்மாவின் வளவில் பனங்கிழங்கு பிடுங்கினோம். எல்லையோரப் பாத்தியைக் கிண்டி முடிக்கும் நேரத்தில் உம்மும்மா என் கையைப் பிடித்தார். "ஓரத்துல நிக்கிற மூணையும் விடு மகள். அது வளரட்டும்" என்றார். அவித்துத் தின்ன மூன்று கிழங்கு குறைந்துவிட்டதே என்று எனக்குக் கவலை. காரணத்தைப் பிறகுதான் சொன்னார்.

1990 ஒக்டோபரில் வடக்கிலிருந்து முஸ்லிம்கள் வெளியேற்றப்பட்டபோது உம்மும்மாவின் குடும்பம் புத்தளத்துக்குப் போனது. பல வருடங்களின் பின் திரும்பி வந்தபோது வீடு இல்லை, வேலி இல்லை, கிணறும் தூர்ந்து போயிருந்தது. காணி முழுவதும் பற்றைக்காடு. அவருடைய வாப்பா எல்லையில் ஊன்றிய பனைகள் மட்டும் வரிசையாக நின்றன. அவற்றை வைத்துத்தான் தங்கள் காணியை அடையாளம் கண்டார்களாம்.

மணல் நிலத்திலும், மழை குறைந்த இடத்திலும் பனை தாக்குப்பிடிக்கும். நூறு வருடம் தாண்டியும் நிற்கும். நுங்கு, பனாட்டு, ஒடியல், புழுக்கொடியல் எல்லாம் அது தரும் உணவு. ஓலை பாயாகும், கடகமாகும், நீத்துப்பெட்டியாகும். முற்றிய மரம் வீட்டுக் கூரைக்கு வளையாகும்.

"பனை என்றால் கள்தானே" என்று சிலர் முகம் சுளிப்பதைக் கண்டிருக்கிறேன். பாளையில் கட்டும் முட்டியின் உட்புறம் சுண்ணாம்பு பூசினால் சாறு புளிக்காது. அந்தக் கருப்பநீரைக் காய்ச்சித்தான் பனங்கட்டி செய்கிறார்கள். புளிக்க விடுவது மனிதன். அதற்காக மரத்தை வெறுப்பது நியாயமில்லை.

யுத்த காலத்தில் பதுங்குகுழி அமைக்க ஏராளமான பனைகள் தறிக்கப்பட்டன. இன்று வீடு கட்டவும் வீதியை அகலிக்கவும் தறிக்கிறோம். தறிப்பதற்கு ஆள் உண்டு, ஊன்றுவதற்கு ஆள் இல்லை. பனை பாளை விட 12 முதல் 15 வருடங்கள், சில வேளை அதற்கு மேலும் ஆகும். அதுவரை ஆண்பனையா பெண்பனையா என்றும் தெரியாது. "அவ்வளவு காலம் யார் காத்திருப்பது?" என்று பெற்றோர் கேட்பதில் நியாயம் உண்டு. ஆனால் உம்மும்மாவின் வாப்பாவும் அப்படி நினைத்திருந்தால், எங்கள் காணியின் எல்லை எது என்று சொல்ல எதுவும் மிஞ்சியிருக்காது.

பனை வளர்ப்பதற்குப் பெரிய செலவு இல்லை. வேர் நேராக ஆழத்துக்கு இறங்குவதால் கன்றைப் பிடுங்கி வேறு இடத்தில் நடுவது கடினம். அதனால் மரம் நிற்க வேண்டிய இடத்திலேயே கொட்டையை ஊன்ற வேண்டும். பாடசாலை மரநடுகைத் தினத்தில் பூச்சாடிக் கன்றுகளோடு நாலு பனங்கொட்டைகளையும் மதிலோரத்தில் ஊன்றலாமே!

தோழிகளே, ஆவணி, புரட்டாதியில் பனம்பழம் விழும். கொட்டையை எறிந்துவிடாதீர்கள். தையில் கிழங்கு பிடுங்கும்போது பாத்தியில் ஒன்றையாவது விட்டுவையுங்கள். எங்கள் வளவில் விட்ட மூன்றும் பாளை விடும்போது எனக்கு முப்பது வயது தாண்டியிருக்கும். அன்று பிள்ளைகளுக்கு நுங்கு வெட்டிக் கொடுத்து, உம்மும்மாவின் கதையையும் சொல்வேன், இன்ஷா அல்லாஹ்.