காக்தி மாறுவேட உடுப்பு இல்லை



நோர்வேயின் வடக்கில் இருக்கும் என் பழைய மாணவி ஒருத்தி போன கிழமை ஒரு கேள்வி அனுப்பியிருந்தாள். மகளின் பள்ளிக்கூடத்தில் மாறுவேட நாள் வருகிறதாம். சாமி மக்களின் உடுப்பு மாதிரி ஒன்று இணையத்தில் மலிவாகக் கிடக்கிறது, வாங்கட்டுமா ரீச்சர் என்று கேட்டாள். வேண்டாம் என்று எழுதினேன். ஏன் என்பதை மற்றவர்களும் வாசிக்கட்டும் என்று இங்கேயும் போடுகிறேன்.

சாமி என்றதும் கோயிலை நினைக்காதீர்கள். நோர்வே, சுவீடன், பின்லாந்து, ரஷ்யாவின் கோலா குடாநாடு ஆகிய இடங்களின் பழங்குடி மக்கள் அவர்கள். அவர்களுடைய உடுப்புக்கு வடசாமி மொழியில் காக்தி என்று பெயர். கம்பளித் துணி, அநேகமாக நீலம். ஓரங்களில் சிவப்பு, மஞ்சள், பச்சைப் பட்டிகள். பெண்கள் குஞ்சம் வைத்த பட்டுச் சால்வை போட்டு, ரிஸ்கு என்னும் வெள்ளி ஊசியால் நெஞ்சில் குத்துவார்கள். துருவமான் தோல் சப்பாத்தின் நுனி மேலே வளைந்திருக்கும். பனிச்சறுக்குப் பலகையின் வாரில் கால் நழுவாமல் நிற்பதற்காக வந்த வளைவு அது.

விஷயம் தெரிந்தவர் ஒரு காக்தியைப் பார்த்தால் எந்த ஊர் என்று சொல்லிவிடுவார், பல வேளை எந்தக் குடும்பம் என்றும் சொல்லுவார். சில ஊர்களில் இடுப்புப் பட்டியின் வெள்ளிப் பொத்தான்கள் வட்டமாக இருந்தால் கலியாணம் ஆகாதவர், சதுரமாக இருந்தால் ஆனவர். நாங்கள் கழுத்தைப் பார்ப்பது போல அவர்கள் இடுப்பைப் பார்ப்பார்கள்! கௌட்டோகைனோ என்ற ஊரில் ஈஸ்டர் காலத்தில்தான் கலியாணங்களும் தேவாலயச் சடங்குகளும் கூடிவரும். மான் மந்தைகளோடு கடற்கரைப் பக்கம் போவதற்கு முன் குடும்பங்கள் ஒன்றுசேரும் நேரம் அது. கைக்குழந்தைக்கும் காக்தி உண்டு. பிள்ளை வளர வளர அம்மாவோ அம்மம்மாவோ புதிதாகத் தைக்கவேண்டும்.

ஆசிரியராக இருந்தவள் என்பதால் அடுத்ததைச் சொல்லாமல் விட மனம் வரவில்லை. 1880 இல் நோர்வேயின் வடபகுதி ஆசிரியர்களுக்கு, சாமிப் பிள்ளைகளை நோர்வே மொழிக்கு மாற்றவேண்டும் என்று கட்டளை போனது. வகுப்பறையில்தான் அந்தப் பிள்ளைகள் தங்கள் மொழிக்கு வெட்கப்படக் கற்றார்கள். கடற்கரையோரச் சாமிக் குடும்பங்கள் பல காக்தியையே கைவிட்டன. பழைய படங்களையும் நூதனசாலையில் கிடந்த துண்டுகளையும் பார்த்து, 1980களுக்குப் பிறகுதான் சில ஊர்களில் அதைத் திரும்பத் தைத்தெடுத்தார்கள். பாட்டி மறைத்து வைத்ததைப் பேத்தி போட்டுக்கொண்டு மே 17 ஊர்வலத்தில் நடக்கிறாள்.

"சின்னப்பிள்ளை ஆசைக்குப் போட்டால் என்ன குற்றம்?" என்று உங்களில் யாராவது கேட்பீர்கள். பிள்ளையில் குற்றம் இல்லை. ஆனால் அது இன்னொரு வீட்டின் பெயரை எடுத்து மாட்டுவது மாதிரி. பின்லாந்தில் சுற்றுலாக்காரருக்காகப் போலிக் காக்தி போடுவதை சாமி மக்கள் பல வருடமாக எதிர்க்கிறார்கள். அங்குள்ள சாமி நாடாளுமன்றம் 2018 இல் இதற்கென்றே சுற்றுலா நெறிமுறைகள் வெளியிட்டது.

இன்னொன்று. ஃபோசன் என்ற இடத்துக் காற்றாலைகள் மான் மேய்ப்பவர்களின் உரிமையை மீறுகின்றன என்று நோர்வே உச்ச நீதிமன்றம் 2021 இல் தீர்ப்புச் சொல்லியும் அவை சுழன்றுகொண்டே இருந்தன. 2023 இல் சாமி இளைஞர்கள் ஒஸ்லோவில் அமைச்சு வாசலை மறித்தபோது, காக்தியை உட்புறம் வெளியே தெரியத் திருப்பிப் போட்டிருந்தார்கள். அவர்களுடைய வழக்கில் அது எதிர்ப்பு. இணையத்தில் வாங்கும் துணியைத் திருப்பிப் போட்டால் தையல் மட்டும்தான் தெரியும்.

மாறுவேடத்துக்கு வண்ணத்துப்பூச்சி போதும், பிள்ளை. சாமிகளின் கைவேலை பிடித்தால் அவர்களிடமே ஒரு மரக்கோப்பை வாங்கு. பெப்ரவரி 6 அவர்களுடைய தேசிய நாள். அன்றைக்கு "லிஹ்கு பெய்வீன்" என்று வாழ்த்தச் சொல்லி மகளுக்குப் பழக்கு.

அன்புடன்,
உங்கள் ரீச்சர்